சேலை வியாபாரம்: 1,900 நம்பர் கையில இருக்கு, மெசேஜ் போய்ச் சேர மாட்டேங்குது, யோசனை சொல்லுங்க

இளம்பிள்ளை_தறி

வணக்கங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க, இதை வேற யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல.

எங்களுக்கு சேலம் பக்கத்துல இளம்பிள்ளை. அப்பா 1994ல இருந்து சேலை வியாபாரம் பண்றாரு. சொந்தமா நாலு பவர்லூம் ஓடுது, மிச்சத்த சுத்துவட்டாரத்துல பாவு (தறில ஏத்தற நீளவாட்டு நூல்) குடுத்து கூலிக்கு நெய்ய வெச்சு வாங்கறோம். சாஃப்ட் சில்க், காட்டன் சில்க், பிளெயின்ல பெரிய பார்டர் வெச்சது, 450 ரூபாய்ல ஆரம்பிச்சு 1,800 வரைக்கும் போகும். முன்னாடியெல்லாம் மதுரை, திருநெல்வேலி, காரைக்குடினு ஜவுளிக்கடைக்காரங்க நேர்ல வந்து பார்த்து மூட்டை கட்டிட்டுப் போவாங்க. வராதவங்களுக்கு அப்பா ஆடி மாசம் பொறந்ததும் போஸ்ட் கார்டு போடுவாரு, புது டிசைன் வந்திருக்கு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு நடை வந்து பாருங்கன்னு நாலு வரி. அவ்ளோதான் எங்க விளம்பரம்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்க ஊர்ல எல்லார் கையிலயும் நெட் போன். நான் அப்ப காலேஜ். வாட்ஸப்ல சேலை போட்டோ அனுப்ப ஆரம்பிச்சது நான்தான். மொதல்ல தெரிஞ்ச கடைக்காரங்களுக்கு அனுப்புனேன், அப்புறம் வீட்ல இருந்தே வாங்கி விக்கற அக்காங்க ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்தாங்க, 2020 ஊரடங்குல கடை எல்லாம் மூடிக் கிடந்தப்ப போன்ல மட்டும்தான் வியாபாரம், போக்குவரத்து தொறந்த உடனே ஒரு நாளைக்கு 80, 90 பார்சல் கட்டுனோம், எங்கம்மா தங்கச்சி எல்லாம் உக்காந்து அட்ரஸ் எழுதுவாங்க. அந்த ரெண்டு மூனு வருசம் நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது, வீட்டுக்கடன் அடைச்சதே அதுலதான்.

இப்ப ஒன்றரை வருசமா சரியுது. எங்கிட்ட 8 பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, மொத்தம் 1,900 நம்பர். தினமும் சாயங்காலம் 7 மணிக்கு 25 போட்டோ போடுவேன். முன்ன ராத்திரிக்குள்ள முன்னூறு பேராவது இது இருக்கா அது இருக்கான்னு கேப்பாங்க. இப்ப முப்பது பேர் கேட்டா பெருசு. சேலை மோசமாயிடுச்சானு பார்த்தா அப்டியும் இல்ல, வாங்கினவங்க திருப்பி வாங்கறாங்க. இன்ஸ்டாகிராம் பேஜ்ல 4,200 பேர் இருக்காங்க, ரீல்ஸ் போட்டா சில சமயம் அம்பதாயிரம் பேர் பாக்கறாங்க, ஆர்டர்னு வந்தா நாலு இல்ல அஞ்சு.

இப்ப ரெண்டு பேர் எங்கிட்ட வந்திருக்காங்க. ஒருத்தர் ஒரு லட்சம் லேடீஸ் நம்பர், தமிழ்நாடு பூரா, மாவட்ட வாரியா பிரிச்சது, 6,000 ரூபாய்க்கு தர்றேங்கறாரு. இன்னொரு கம்பெனி உங்க கடை பேர்லயே சொந்த ஆப் செஞ்சு தர்றோம், 1,80,000 ஆகும், இனிமே எல்லாம் ஆப்தான்னு சொல்றாங்க. அப்பா ரெண்டும் வேண்டாங்கறாரு, அந்தக் காசுக்கு செகண்ட்ஸ்ல இன்னொரு தறி போட்றலாம்டாங்கறாரு. எனக்கு என்னன்னா, ஊர்ல எல்லாரும் ஏதோ ஒன்னு பண்ணி முன்னாடி போறாங்க, நாம மட்டும் நின்னுட்டமோன்னு பயமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோவை_டிஜிட்டல்

தம்பி, ரெண்டுக்கும் காசு குடுத்துறாதீங்க, மொதல்ல அதைச் சொல்லிடறேன். நான் பதினோரு வருசமா இந்த வேலையிலதான் இருக்கேன்.

உங்க பிராட்காஸ்ட் மேட்டர். வாட்ஸப்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அது உங்களுக்குத் தெரியும், அதான் 8 லிஸ்ட் போட்ருக்கீங்க. ஆனா நெறைய பேர் கவனிக்காத விசயம், பிராட்காஸ்ட்ல அனுப்பற மெசேஜ் உங்க நம்பர தன் போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும். நீங்க அவங்கள சேவ் பண்ணிருந்தா பத்தாது, அவங்க உங்கள சேவ் பண்ணிருக்கணும். ஒரு வேலை பண்ணுங்க, நேத்து அனுப்புன ஏதாவது ஒரு போட்டோவ அழுத்திப் புடிச்சு இன்ஃபோ பாருங்க, யாருக்கு டெலிவர் ஆச்சு யார் படிச்சாங்கன்னு பேரோட வரும். 1,900ல எத்தனை பேருக்கு நெசமாவே போச்சுன்னு எண்ணிப் பாருங்க. 2020ல வந்தவங்க பாதி பேர் போன் மாத்திருப்பாங்க, போன் மாத்தறப்ப கான்டாக்ட்ட எடுத்துட்டுப் போகாதவங்க ஏராளம், பழைய போன்லயே சேவ் பண்ணிருப்பாங்க, அதோட உங்க நம்பரும் போயிருக்கும். அவங்க கோவிச்சுக்கிட்டுப் போகல, உங்க மெசேஜ் அவங்களுக்கு வர்றதே இல்ல.

அந்த ஒரு லட்சம் நம்பர் விவகாரம். பழக்கமில்லாத ஆளு கதவத் தட்டி சேலை வேணுமான்னா கதவ சாத்துவாங்கல்ல, போன்ல சாத்தறதுக்கு பிளாக்னு ஒரு பட்டன், ரிப்போர்ட்னு இன்னொரு பட்டன். நெறைய பேர் ரிப்போர்ட் அடிச்சா உங்க நம்பரே முடங்கற நெலமை வரும், உங்க மொத்தக் கடையும் அந்த ஒரு நம்பர்ல இருக்கு. எஸ்எம்எஸ்ல அனுப்பலாம்னு அவர் சொல்வாரு, அதுக்கும் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட விதி இருக்கு, 2021ல இருந்து கறாராவே பாக்கறாங்க, டிஎல்டினு ஒரு பதிவு, அதுல உங்க நிறுவனப் பேரு, எந்தத் தலைப்புல மெசேஜ் போகும், வாசகம் என்ன, எல்லாத்தையும் முன்கூட்டியே பதிஞ்சு ஒப்புதல் வாங்கணும், வாசகம் பொருந்தலைன்னா வழியிலயே நின்னுடும். விளம்பர மெசேஜே வேண்டாம்னு 1909ல டிஎன்டி போட்டு வெச்சிருக்கறவங்க வேற இருக்காங்க. இதுக்கு மேல 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு, ஒருத்தரோட நம்பர அவங்க சம்மதம் இல்லாம வெச்சுப் பொழங்கறது சட்டத்துக்கே ஒத்து வராது. அந்த லிஸ்ட்ல இருக்கற பொம்பளைங்க ஒருத்தரும் உங்ககிட்ட நம்பர் குடுக்கல. அதை நெனச்சுக்கங்க.

ஆப் பத்தி. ஒரு வீட்ல வருசத்துக்கு எத்தனை தடவ சேலை எடுப்பாங்க? தீபாவளி, பொங்கல், ஒரு கல்யாணம். அதுக்காக ஒரு ஆப்ப டவுன்லோட் பண்ணி, ஓடிபி போட்டு, பாஸ்வேர்ட் வெச்சு, போன்ல எடம் இல்லைன்னு அது வேற தகராறு பண்ணும், யாரும் பண்ண மாட்டாங்க. தினம் தொறக்கற ஆப் ஒரு ஆளுக்கு ஏழெட்டு இருந்தா அதிகம், அந்த ஏழெட்டுக்குள்ள நீங்க போய் உக்காரணுமே ஒழிய ஒம்பதாவதா ஒன்னக் கட்டக்கூடாது. அதுவும் 1,80,000ங்கறது செய்யற செலவு மட்டும், ஆண்ட்ராய்டு மாறும்போதெல்லாம் ஆப்பயும் மாத்தணும், அதுக்கு வருசா வருசம் ஆள் வேணும். கூகுள் பிளே ஸ்டோர்ல கணக்கு தொறக்க ஒரே தடவை 25 டாலர்தான், ஆப்பிளுக்கு வருசம் 99 டாலர், மிச்சம் அத்தனையும் எங்க போகுதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க.

நீங்க சாதா வாட்ஸப்லயா பிசினஸ் ஆப்லயா இருக்கீங்க? பிசினஸ் ஆப் 2018லயே வந்துடுச்சு, காசு இல்ல. அதுல கேட்டலாக் போடலாம், 500 சரக்கு வரைக்கும். ஒவ்வொருத்தருக்கும் லேபிள் குத்தலாம், ரீசேலர், கடைக்காரர், கல்யாண ஆர்டர், பணம் பாக்கின்னு. 25 போட்டோவ எல்லாருக்கும் கொட்டறத நிறுத்துங்க. 1,500க்கு மேல வாங்கறவங்களுக்கு அந்த ரகம் மட்டும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஆறு போட்டோ போதும்.

விளம்பரத்துக்கு காசு போடறதுன்னா இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரம் போட்டு அதத் தொட்டா நேரா உங்க வாட்ஸப் தொறக்கற மாதிரி வைக்கலாம். அதுல என்ன நல்லதுன்னா மொத மெசேஜ் அவங்க அனுப்பறாங்க, நீங்க போய்த் தட்டல. ஒரு நாளைக்கு 200 ரூபாய்ல ஒரு வாரம் போட்டுப் பாருங்க, சேலம் மாவட்டத்துக்குப் போடாதீங்க, சேலை கெடைக்காத ஊருக்குப் போடுங்க.

நெல்லை_அக்கா

தம்பி, நான் பாளையங்கோட்டைல வீட்ல இருந்து சேலை விக்கறவ. எளம்பிள்ளை சரக்கும் எடுத்திருக்கேன், உங்ககிட்டயே எடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன். கோவை சார் சொன்னது எல்லாம் சரிதான், நான் வாங்கற பக்கத்துல இருந்து சொல்லுதேன், ஏன் நாங்க பதில் போட மாட்டேங்கோம்னு.

எனக்கு இப்ப 40 குரூப்புல இருந்து சேலை வருது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் சேத்து அனுப்புவாங்க, நீங்களும் அதே ஏழு மணி. அப்பதான் பிள்ளைகளுக்கு தோசை சுடணும், போன் டங்கு டங்குன்னு அடிக்கும், எல்லாத்தையும் மியூட்ல போட்டாச்சு. சாப்ட்டு முடிச்சு ஒம்பதரைக்கு உக்காந்து பாக்கும்போது ஆயிரம் போட்டோ கெடக்கும், மேல இருக்கறத பாப்பேன், கீழ இருக்கறது அப்டியே போயிரும். போன் வேற நெறஞ்சு போச்சுன்னு சொல்லும், ராத்திரி உக்காந்து அழிக்கதே ஒரு வேலை.

அடுத்து கலரு. எங்க தொழில்ல பாதி சண்டை கலராலதான். மயில்கழுத்துன்னு ஒரு கலர், பச்சையும் நீலமும் சேந்து திருப்புனா மினுங்கும், அத ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழ வெச்சு போட்டோ எடுத்தா நல்ல நீலமா விழும். அத நான் என் கஸ்டமருக்கு அனுப்பி, அவங்க நீலம்னு நெனச்சு காசு போட்டு, பார்சல் பிரிச்சா பச்சையடிக்குது, ஏமாத்திட்டேன்னு என்னையத்தான் சொல்லுவாங்க. அவங்க எங்க தெருக்காரங்க தம்பி, கோயில்ல பாக்கும்போது மூஞ்சிய திருப்பிக்கிட்டு போனா எனக்கு எப்டி இருக்கும். அதனால போட்டோ எனக்கு வேண்டாம். காலைல பத்து மணி வெளிச்சத்துல வாசல்ல நின்னு, கையில சேலையப் புடிச்சு ஒரு தடவ திருப்பி, முந்தி காட்டி, பார்டர் காட்டி, ஒரு இருவது செகண்ட் வீடியோ. எடுக்கறவங்க வாயால இது மயில்கழுத்து, வெயில்ல பச்சையா தெரியும், உள்ள வந்தா நீலமா தெரியும்னு சொல்லிட்டாங்கன்னா அத அப்டியே நான் அனுப்பிருவேன், எங்க வீட்டுப் பக்கத்து டீச்சரம்மா எழுதுனத வாசிக்கதவிட கேக்கறதத்தான் நம்புவாங்க.

வெலைய போட்டோ மேலயே எழுதாதீங்க தம்பி. நாங்க 150, 200 வெச்சு விக்கணும், உங்க வெல போட்டோலயே இருந்தா நான் எப்டி அனுப்ப. வெலைய தனி மெசேஜா போடுங்க.

பாட்டு போட்டு எடுக்கற ரீல்ஸ் பாக்க நல்லாருக்கு, ஆனா அதுல ஒரு சேலையும் முழுசா தெரியல.

இளம்பிள்ளை_தறி

கோவை அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரியே உக்காந்து ஒவ்வொரு லிஸ்ட்டா இன்ஃபோ பார்த்து எண்ணுனேன். 1,900ல டெலிவர் ஆனது 612. அதுல படிச்சது 240. ஒன்றரை வருசமா நான் ஆயிரத்து முன்னூறு பேருக்கு அனுப்பறதா நெனச்சு யாருக்குமே அனுப்பல. சேலை புடிக்கலையோன்னு டிசைன மாத்திக்கிட்டு கெடந்தேன், தறில டிசைன் விழறதுக்கு மாட்டற அந்த டிசைன் கார்டுக்கே எவ்ளோ செலவு பண்ணேன் தெரியுங்களா, நெனச்சா வயிறு எரியுது.

அக்கா நீங்க சொன்ன ராத்திரி போட்டோ, டியூப்லைட், ஏழு மணி, மூனும் நான் பண்றதுதான். பகல்ல பார்சல் வேலை, அதனால ராத்திரி எடுத்து வெச்சுக்குவேன். இனிமே காலைல எடுக்கறேங்க்கா.

ஒரு சந்தேகம், அந்த 1,300 பேர திரும்ப எப்டிப் புடிக்கறது? இளம்பிள்ளைல இருந்து பேசறேன், என் நம்பர சேவ் பண்ணுங்கன்னு தனித்தனியா மெசேஜ் போட்டா அதுவும் ரிப்போர்ட் ஆகாதா?

திருப்பூர்_பனியன்

கோவைக்காரர் சொன்னதுல முக்காவாசி ஒத்துக்கறேன், விளம்பர விசயத்துல மட்டும் எனக்கு மாத்துக் கருத்து இருக்குங்க.

2019ல நான் டிக்டாக்ல பனியன், நைட்டி, குழந்தைங்க டிரஸ்னு வீடியோ போட்டு நல்லா ஓடிட்டு இருந்தேன், தொண்ணூறாயிரம் பேருக்கு மேல ஃபாலோ பண்ணாங்க, மாசம் நாப்பதாயிரம் ரூபாய்க்கு சரக்கு அதுல மட்டும் போகும். 2020 ஜூன் 29ந்தேதி சாயந்தரம் 59 ஆப்ப தடை பண்ணி உத்தரவு வந்துச்சு, அதுல டிக்டாக்கும் ஒன்னு. மறுநாளே ஆப் ஸ்டோர்ல இல்ல. நாட்டுப் பாதுகாப்பு விசயம், அதப் பத்தி நான் பேச வரல. ஆனா அந்தத் தொண்ணூறாயிரம் பேர்ல ஒருத்தர் நம்பர் கூட எங்கிட்ட இல்லீங்க. அவங்க பேரு தெரியாது, ஊரு தெரியாது. பத்து நாளைக்குள்ள இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் கொண்டு வந்தாங்க, செப்டம்பர்ல யூட்யூப் ஷார்ட்ஸ் வந்துச்சு, எல்லாரும் அங்க ஓடுனாங்க, நானும் ஓடுனேன், சைபர்ல இருந்து ஆரம்பிச்சேன், அந்த மாதிரி ஆளுக மறுபடி சேரவே இல்ல.

அதனால நான் சொல்றது, எந்த ஆப்பா இருந்தாலும் அது அடுத்தவன் எடத்துல நாம போட்ட கடை. சந்தைல கடை போடறோம் சரி, வித்து முடிச்சதும் கணக்கு நம்ம நோட்டுக்கு வரணும். வாங்கினவங்க பேரு, ஊரு, நம்பரு, என்ன கலர் எடுத்தாங்க, வீட்ல என்ன விசேசம்னு சொன்னாங்க, இத்தனையும் ஒரு எக்செல்ல இல்லாட்டி நோட்டுல எழுதி வெச்சுக்கங்க. போன் தண்ணில விழுந்தாலும் உங்க வியாபாரம் விழக்கூடாது.

விளம்பரம் வேண்டாங்கல, புது ஆளப் புடிக்க 200 ரூபாய் போடறதுக்கு முன்னாடி, பழசு 1,300 பேரு ஏற்கனவே உங்க சேலையக் கட்டிப் பார்த்தவங்க, அவங்ககிட்டப் போங்க. மெசேஜ் போடாதீங்க, போன் பண்ணுங்க. ஒரு நாளைக்கு இருவது பேரு. நம்பர் தெரியாத கால எடுக்க மாட்டாங்கன்னு சொல்வீங்க, பாதி பேர் எடுக்க மாட்டாங்கதான், மீதி பாதி பேர் எடுப்பாங்க. எடுத்தவங்ககிட்ட விக்காதீங்க, போன தடவை எடுத்த சேலை சாயம் போச்சா, சுருங்குச்சான்னு மட்டும் கேளுங்க.

சிவகாசி_அச்சு

நடுவுல ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். நாங்க தினசரி காலண்டர் அடிக்கறவங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு காலண்டர் மாதிரிங்க வெச்ச புது ஆல்பம் போட்டு அடுத்த வருச ஆர்டர் எடுக்க ஆரம்பிப்போம். வாட்ஸப் வந்ததும் இனி காலண்டர் யாருக்கு வேணும், போன்லயே தேதி இருக்குன்னு சொன்னாங்க. நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை ரெண்டும் கொறஞ்சது நெசம், எங்க தெருவுலயே மிஷின வித்துட்டு வேற தொழிலுக்குப் போனவங்க இருக்காங்க, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா காலண்டர் நிக்குது. ராகுகாலம், எமகண்டம் பாக்கறவங்க காலைல எந்திரிச்சதும் சுவத்தப் பாத்துத்தான் தாள் கிழிக்கறாங்க, வருசத்துல 365 நாளும் கடைப் பேரு கண்ணுல படுது.

இப்ப கடைக்காரங்க காலண்டர் அட்டைல க்யூஆர் கோடு கேக்கறாங்க. வாட்ஸப் பிசினஸ்ல உங்க நம்பருக்கே ஒரு க்யூஆர் கெடைக்கும், ஸ்கேன் பண்ணா உங்க சாட் தொறக்கும், "உங்க நம்பர சேவ் பண்ணிட்டேன், புது டிசைன் அனுப்புங்க"ன்னு வாசகம் தயாரா நிக்கற மாதிரி நீங்களே எழுதி வைக்கலாம், அவங்க அனுப்பு பட்டன அழுத்துனா போதும். உங்களுக்குக் காலண்டர் கூட வேண்டாம். சேலை போடற கவர் இருக்குல்ல, அதுல அடிங்க. இல்ல மடிப்புக்குள்ள வைக்கற அட்டைல அடிங்க. எங்ககிட்டதான் அடிக்கணும்னு சொல்லல, சேலத்துலயே அடிப்பாங்க. க்யூஆர் ரொம்பப் பொடிசா வேண்டாம், ஒரு இஞ்சுக்குக் கொறைக்காதீங்க, பளபளன்னு லேமினேஷன் போட்டா லைட் பட்டு ஸ்கேன் ஆகாது, மேட் ஃபினிஷ்ல கேளுங்க. அடிக்கறதுக்கு முன்னாடி நாலு பழைய போன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க, புது போன்ல எல்லாம் ஓடும், உங்க கஸ்டமர் கையில இருக்கறது அஞ்சு வருசப் போனு.

கோவை_டிஜிட்டல்

திருப்பூர் அண்ணன் சொன்னதுக்கு எதிர்ப் பேச்சு இல்ல. போன் பண்றதுதான் மொதல், விளம்பரம் அப்புறம்.

இந்த இடத்துல ஒரு பழைய சங்கதி சொல்லணும், எங்க தொழில்ல எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை அது. பீகார், ஜார்க்கண்ட்ல கரண்டே ஒழுங்கா வராத ஊருங்க, டிவி பேப்பர் எதுவும் போகாது, ஆனா கையில பட்டன் போன் இருந்துச்சு. ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2013ல கான் கஜுரா டேஷன்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தா போதும், திருப்பி கால் வரும், கால் மணி நேரம் பாட்டு, காமெடி, நடுநடுவுல அவங்க சோப்பு ஷாம்பு விளம்பரம். கூப்பிட்டவங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல. 2014ல கான்ஸ் விளம்பர விழாவுல தங்கமே வாங்குச்சு. அந்தப் போன்ல நெட்டும் கெடையாது, டச் ஸ்கிரீனும் கெடையாது. மொதல்ல கூப்பிட்டது கேக்கறவங்க, கம்பெனி இல்ல, அதான் அதுல விசயமே. இன்னைக்கு க்யூஆரோ விளம்பரத்துல இருந்து வாட்ஸப்போ எதுவா இருந்தாலும் அதே வழிதான், அவங்க ஒரு அடி எடுத்து வெச்சா நாம பேசலாம்.

தம்பி உங்க கேள்விக்கு, ஒரே வாசகத்த 1,300 பேருக்கு காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, அது வேண்டவே வேண்டாம். பிசினஸ் ஏபிஐனு ஒரு வழி இருக்கு, பெரிய கடைங்க, பேங்க் எல்லாம் அதுலதான் அனுப்பறாங்க, விளம்பர மெசேஜ் ஒன்னுக்கு ஒரு ரூபாய் கிட்ட ஆகும், வாசகத்துக்கு முன்னாடியே ஒப்புதல் வாங்கணும், வாங்கறவங்க சம்மதமும் வேணும். உங்க அளவுக்கு இப்ப அது தேவையில்ல. போன் பண்ணிப் பேசி, சரி அனுப்புங்கன்னு சொன்னவங்களுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட்டு கூடவே கான்டாக்ட் கார்டையும் அனுப்புங்க, தொட்டா சேவ் ஆயிடும்.

நெல்லை_அக்கா

தம்பி இன்னொன்னு, வியாபாரம் கூடும்போது இதுவும் கூடும், அதனால இப்பவே சொல்லிருதேன். பணம் போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாங்க, அத நம்பி பார்சல் போடாதீங்க. போலியா ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஆப்பே இருக்கு. நான் போன வருசம் 6 சேலை அப்டி விட்டேன், 4,300 ரூபாய், ஒரு மாச லாபம் எனக்கு. இப்பல்லாம் பேங்க் கணக்குல காசு விழுந்தத என் கண்ணால பாத்தாத்தான் அட்ரசே கேப்பேன்.

உங்க வீடியோவ எடுத்து வேற பேர்ல பேஜ் நடத்தி காசு வாங்கிட்டு ஓடறவங்களும் இருக்காங்க. அதனாலதான் வீடியோல உங்க குரல் வேணுங்கேன். குரல் இருந்தா எங்க கஸ்டமருக்கு அடையாளம் தெரியும், இது எளம்பிள்ளைக்காரத் தம்பி பேச்சுல்லான்னு சொல்லுவாங்க.

இளம்பிள்ளை_தறி

மூனு வாரம் கழிச்சு வர்றேங்க, மன்னிச்சுக்கங்க, பார்சல் வேலையும் போன் வேலையும் சேர்ந்துக்கிச்சு.

அந்த நம்பர் லிஸ்ட்டும் வாங்கல, ஆப்பும் இல்லைன்னு சொல்லிட்டேன். திருப்பூர் அண்ணா சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு இருவது பேருக்குப் போன் பண்ணேன். மொத நாள் கூச்சமா இருந்துச்சுங்க, என்னடா பேசறதுன்னு கை நடுங்குச்சு, எதிர்ல யாருங்கன்னு கேட்டதும் வச்சுறலாம்னு தோணுச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தவரு போன வாங்கி அவரே பேசிட்டாரு. எளம்பிள்ளைல இருந்து பேசறனுங்க, 2021ல பையன் கல்யாணத்துக்கு அரக்குல பன்னெண்டு சேலை எடுத்தீங்களே, நல்லாருந்துச்சுங்களான்னு. அவருக்கு எப்டி அதெல்லாம் ஞாபகம் இருக்குன்னு பார்த்தா ஒவ்வொரு பார்சலுக்கும் அவரு பழைய கணக்கு நோட்டுல தனியா எழுதி வெச்சிருக்காரு, பேரு, ஊரு, கலரு, என்ன விசேசம். நான் போன்ல எல்லாம் இருக்குன்னு நெனச்சு அந்த நோட்டத் தொறந்ததே இல்ல. இப்ப தினமும் காலைல ஒரு மணி நேரம் அப்பா பேசறாரு, நான் பக்கத்துல உக்காந்து சரின்னவங்களுக்கு கான்டாக்ட் கார்டு அனுப்பறேன், தங்கச்சி எக்செல்ல ஏத்தறா.

இதுவரைக்கும் 380 பேருக்குப் பண்ணிருக்கோம். 170 பேர் எடுத்தாங்க. அதுல 31 பேர் வேண்டாம்னுட்டாங்க, அவங்க நம்பர லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டேன். மிச்சப்பேர் சேவ் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பேர் சாயம் போச்சுன்னு சொன்னாங்க, கேட்டா ஒரே பாவுல ஓடுன சேலை, சிவப்புல, சாயப்பட்டறைக்காரர்கிட்ட பேசி அதச் சரி பண்ணோம், ரெண்டு பேருக்கும் வேற சேலை அனுப்பிட்டோம். போன் பண்ணலைன்னா அந்தச் சிவப்ப இன்னும் ஓட்டிட்டு இருந்திருப்போம்.

லேபிள் போட்டாச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு வீடியோ, ராத்திரி ஒம்பதேகாலுக்கு. நேத்து அனுப்புனதுக்கு 94 பேர் பதில் போட்டாங்க. க்யூஆர் அட்டை 2,000 அடிக்கக் குடுத்திருக்கேன், மேட் ஃபினிஷ்தான் சொல்லிருக்கேங்க.

அக்கா, மயில்கழுத்துல புதுசா பொடி பார்டர் வெச்சு ஓட்டிருக்கோம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாசல்ல வெச்சு எடுத்து அனுப்பறேன், கலர் சரியா விழுதான்னு நீங்க பாத்துச் சொல்லணும், அதுக்கப்புறந்தான் மத்தவங்களுக்கு அனுப்புவேன்.

நெல்லை_அக்கா

அனுப்புங்க தம்பி, பிளவுஸ் பிட்டையும் பிரிச்சுக் காட்டுங்க, போன தடவை அத யாருமே காட்டல. அப்பா குரல்லயே சொல்லச் சொல்லுங்க.